பொறந்ததும் அழல, ‘கூலிங்’ கேட்டேன், பண்ணல. நான் சண்டை போட்டிருக்கணுமா?

விம்கோநகர்_மாமன்
செவ்வாய், இரவு 11.40

வணக்கம். நான் இங்க படிக்கிறதோட சரி, எழுதினதில்ல. தங்கச்சி குழந்தை விஷயமா எழுதறேன். மூணு ராத்திரியா தூக்கம் இல்ல, முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

ஞாயித்துக்கிழமை விடியக்காலை 4.10க்கு பையன் பொறந்தான். மாசம் முழுசு, 2.9 கிலோ. திருவொத்தியூர் பக்கம் ஒரு நர்சிங் ஹோம், பேர் வேணாம். சனிக்கிழமை மத்தியானமே பனிக்குடம் உடைஞ்சிடுச்சு, ராத்திரி முழுக்க வலி. மூணரை மணிக்கு மேல குழந்தை துடிப்பு இறங்குதுன்னு அவசர அவசரமா வாக்யூம் (தலையில கப் வச்சு உறிஞ்சி இழுக்கறது) போட்டு எடுத்தாங்க. கழுத்துல கொடி ஒரு சுத்து இருந்துச்சாம். பொறந்ததும் அழல. கதவுக்கு வெளிய நின்னு அந்தச் சத்தத்துக்காகக் காத்துட்டிருந்தோம், வரவே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல்.

ஆறு மணிக்கு மேலதான் “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க”ன்னாங்க. 108 சீக்கிரமே வந்துடுச்சு, அவங்களக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா எக்ஸ்பிரஸ் ரோட்டுல துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி ரெண்டு வரிசை. அரசு ஆஸ்பத்திரிக்குள்ள நுழையும்போது 8.20.

ஒம்போது மணிக்கு லண்டன்ல இருக்கற பெரியப்பா பையன் போன் பண்ணான். “கூலிங் பண்ணச் சொல்லு, 6 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் உண்டு, இங்க எல்லாம் உடனே பண்ணிடுவாங்க”ன்னான். கூலிங்னா மூளை பாதிப்பு கொறைய குழந்தை உடம்பக் குளிர வைக்கறதாம். டூட்டி டாக்டரம்மாகிட்ட கேட்டேன். “அது பண்ணப் போறதில்ல, மத்த எல்லாம் பார்த்துக்கறோம்”னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே ஃபிட்ஸ். இப்ப பெட்டியில இருக்கான், மூக்குல டியூப்.

9 மணிலேர்ந்து 10.10 வரைக்கும் என் கையில 1 மணி 10 நிமிஷம் இருந்துச்சு. சண்டை போட்டிருக்கணுமா? கடன உடன வாங்கி தனியாருக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கணுமா? அரசு ஆஸ்பத்திரின்றதால பண்ணாம விட்டாங்களா?

இதுல எங்க ஆயா வேற, மாலை சுத்திப் பொறந்திருக்கு, மாமனுக்கு ஆகாது, எண்ணெயில முகம் பார்க்காம கிட்ட போகாதன்னு ஒரே பிடிவாதம். மாமன் நான்தான்.

மிண்ட்_ஏரியா
செவ்வாய், இரவு 11.52

இன்னா கேள்வி தலைவா இது. அண்ணா நகர்ல பொறந்திருந்தா பண்ணியிருப்பாங்க. குப்பைமேடு நமக்கு, அனல் மின் நிலையம் நமக்கு, மெஷின் மட்டும் அவங்களுக்கு. கேஸ் போடு.

தண்டையார்பேட்டை_சிஸ்டர்
புதன், காலை 6.15

தம்பி, முதல்ல சாப்பிட்டியா. தங்கச்சி சாப்பிட்டாளா. அவளுக்கும் பொறந்து மூணு நாள்தான் ஆகுது, தையல் போட்ட உடம்பு, எல்லாரும் பெட்டி பக்கமே நின்னுட்டு அவள விட்டுடாதீங்க. பால் பீச்சிக் கொடுக்கச் சொல்லு. டியூப் வழியா ஊத்தறதுக்கும் அதுதான் மருந்து.

நான் 19 வருஷமா லேபர் வார்டு. கொடி சுத்திப் பொறக்கறது நாலஞ்சு குழந்தையில ஒண்ணு. அதுல முக்கால்வாசி வந்த உடனே ஊரைக் கூட்டிடும். ஆயா திருப்திக்கு எண்ணெயில முகம் பாத்துட்டுப் போ, கெடுதல் இல்ல. அந்த எண்ணெய மட்டும் யாரும் குழந்தை மூக்குல காதுல விடாம பாத்துக்கோ.

அழாத குழந்தையக் காலைப் புடிச்சுத் தலைகீழாத் தொங்கவிட்டு முதுகுல அறையறது பழைய பழக்கம், இப்ப யாரும் பண்ணக் கூடாது. ஈரம் போகத் துடைக்கணும், முதுகைத் தேய்க்கணும், அதுக்கும் மூச்சு வரலன்னா 1 நிமிஷத்துக்குள்ள முகத்துல மாஸ்க் வச்சு பேக் பண்ண, அதாவது பையை அமுக்கிக் காத்து செலுத்த ஆரம்பிக்கணும். சுத்த ஆக்ஸிஜன்கூட முதல்ல வேணாம், மாசம் முழுசான குழந்தைக்கு சாதாரணக் காத்தே போதும். 2009ல நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம்னு மத்திய அரசு ஒரு பயிற்சி கொண்டு வந்துச்சு, அதுல எங்களுக்கு பொம்மைய வச்சு இதைத்தான் திரும்பத் திரும்ப செய்யச் சொன்னாங்க. அந்த ஒரு நிமிஷத்துல பை அமுக்கற கைதான் எல்லா மெஷினுக்கும் மேல. இது என் அபிப்பிராயம், டாக்டருங்க ஒத்துக்கலன்னாலும் பரவால்ல.

டிஸ்சார்ஜ் சீட்டுல அப்கார்னு மூணு நம்பர் போட்டிருக்கும். வர்ஜினியா அப்கார்னு அமெரிக்காவுல ஒரு மயக்கமருந்து டாக்டரம்மா 1953ல வெளியிட்ட மார்க் முறை. நிறம், துடிப்பு, மூச்சு, கை கால் விறைப்பு, சீண்டினா சிணுங்குதான்னு அஞ்சு விஷயம், ஆளுக்கு 2 மார்க். அதையும், எத்தனை நிமிஷம் பேக் பண்ணாங்கன்றதையும், கொடி ரத்தம் டெஸ்டுக்கு எடுத்தாங்களான்றதையும் பாத்துச் சொல்லு.

விம்கோநகர்_மாமன்
புதன், காலை 9.05

நன்றிக்கா. இட்லி சாப்பிட்டேன்.

1வது நிமிஷம் 2, 5வது நிமிஷம் 4, 10வது நிமிஷம் 6ன்னு இருக்கு. பேக் பண்ணதுன்னு மட்டும் எழுதியிருக்கு, எவ்வளவு நேரம்னு இல்ல. கொடி ரத்தம் எடுக்கல. இங்க கேஸ் ஷீட்டுல ‘ஸ்டேஜ் 2’ன்னு பார்த்தேன், மூளை பாதிப்போட அளவாம்.

காசிமேட்டான்_லெஸ்டர்
புதன், மதியம் 1.30

அண்ணா, நான் பொறந்து வளர்ந்தது காசிமேடு, இப்ப இங்கிலாந்துல. என் பொண்ணுக்கு 2016ல இதே கதைதான். பொறந்த ரெண்டு மணி நேரத்துல தண்ணி ஓடற பாய் மேல படுக்க வச்சு உடம்ப 33.5 டிகிரிக்குக் கொண்டு வந்தாங்க. 72 மணி நேரம். தூங்க வைக்க மருந்து, தலையில ஒயர் ஒட்டி மூளை அலை பார்த்துட்டே இருந்தாங்க. அப்புறம் மணிக்கு அரை டிகிரின்னு மெதுவா சூடு ஏத்துனாங்க. தொட்டா ஐஸ்ல வச்ச வஞ்சரம் மாதிரி ஜில்லுன்னு இருந்தா. சொல்லக் கூடாது, எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. இப்ப ஸ்கூல் போறா, எழுத்து கொஞ்சம் கோணல், அவ்ளோதான்.

இங்க 2010லயே இதை வழக்கமான சிகிச்சையா ஏத்துக்கிட்டாங்க. உங்களுக்குப் பண்ணாதது தப்புன்னுதான் எனக்குத் தோணுது. கோபத்துல சொல்லல.

மிண்ட்_ஏரியா
புதன், மதியம் 1.34

நான் சொன்னா கேட்டியா.

சேய்நல_மருத்துவன்
புதன், இரவு 10.20

நான் சென்னையில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை, அதனால் அவனைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது. ‘1 மணி 10 நிமிஷம்’ என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஏரியாவில் கரண்ட் போகிறது. திரும்பி வரும்போது ஹை வோல்டேஜில் வந்தால் ஃப்ரிட்ஜும் டிவியும் எரிகிறது இல்லையா? மூளையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆக்ஸிஜனும் ரத்தமும் நின்றபோது சில செல்கள் அப்போதே சாகின்றன. மூச்சு திரும்பியதும் மூளை சில மணி நேரம் தேறுவதுபோல் இருக்கும். பிறகு ஏறக்குறைய 6 மணி நேரத்திலிருந்து அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் இரண்டாவது அடி விழும். செல்லுக்குள் கால்சியம் புகுந்து, குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் பெருகி, முதலில் பிழைத்த செல்களும் சாகத் தொடங்கும். வலிப்பும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வரும். நடுவில் கிடைக்கும் அந்த அமைதியான இடைவெளிதான் நீங்கள் கேள்விப்பட்ட 6 மணி நேரம். உடம்பை 1 டிகிரி குளிர்வித்தால் மூளையின் சக்திச் செலவு சுமார் 6, 7 சதவீதம் குறையும். அதனால் இரண்டாவது அடி லேசாக விழும் என்பது கணக்கு.

கணக்கு பலித்தது. 2005இல் இரண்டு பெரிய ஆய்வுகள், 2009இல் இங்கிலாந்தின் டோபி ஆய்வு. 2013இல் காக்ரேன் குழு 11 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது, மொத்தம் 1,505 குழந்தைகள். 7 பேரைக் குளிர்வித்தால் ஒருவரை மரணத்திலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ காப்பாற்றலாம் என்று வந்தது. லெஸ்டர் நண்பர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை.

ஆனால் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பணக்கார நாடுகளில் பிறந்தவர்கள். நம் குழந்தைகளுக்கும் இது பொருந்துமா என்று பார்க்க ஹீலிக்ஸ் என்ற ஆய்வு 2015 முதல் 2019 வரை நடந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையில், இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 7 பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகள். எல்லோரும் உங்கள் மருமகனைப் போல ஸ்டேஜ் 2 அல்லது அதைவிடக் கடுமையான ஸ்டேஜ் 3. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எழும்பூர் மருத்துவமனையும் அதில் உண்டு. குளிர்விக்க முறையான இயந்திரம்தான் வைத்திருந்தார்கள், ஐஸ் கட்டி இல்லை.

முடிவு 2021இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வந்தது. 18 மாதத்தில் மரணமும், மிதமான அல்லது கடும் ஊனமும் சேர்த்துப் பார்த்தால் குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், குளிர்விக்காதவர்களில் 47. பலன் இல்லை. மரணத்தை மட்டும் தனியாக எடுத்தால் குளிர்வித்தவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 31.

இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். நீங்கள் அன்று சண்டை போட்டு ஜெயித்திருந்தால் குழந்தைக்கு நல்லது நடந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த டாக்டர் காசைப் பார்த்து மறுத்தார் என்று நான் நினைக்கவில்லை. இந்த எண்களைப் பார்த்துத்தான் மறுத்திருப்பார். ஆனால் அதை உங்களை உட்காரவைத்து இரண்டு நிமிடம் விளக்கியிருக்க வேண்டும். அது எங்கள் தரப்புத் தவறு.

மிண்ட்_ஏரியா
புதன், இரவு 10.41

டாக்டர் சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நம்ம புள்ளைங்கள வச்சு சோதனை பண்ணிப் பாத்திருக்காங்க, அதுல சிலது செத்திருக்கு. இத எப்டி சார் சும்மா ஒரு நம்பரா சொல்றீங்க?

சேய்நல_மருத்துவன்
புதன், இரவு 11.15

கோபம் இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். பெற்றோரிடம் சம்மதம் வாங்கித்தான் சேர்த்தார்கள். வலியில் இருக்கும் அம்மாவும் பதறி நிற்கும் அப்பாவும் கொடுக்கிற சம்மதம் எவ்வளவு தெளிவானது என்ற சங்கடம் எனக்கும் உண்டு.

ஆனால் மறுபக்கமும் பாருங்கள். அதற்கு முன்பே நம் நாட்டில் பல இடங்களில் வெளிநாட்டு முடிவை நம்பிக் குளிர்வித்துக்கொண்டுதான் இருந்தார்கள், சில இடங்களில் வெறும் ஜெல் பேக்கை வைத்து. அதில் யார் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை. ஹீலிக்ஸ் நடக்காமல் இருந்திருந்தால் நான் இன்றும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு குளிர்வித்திருப்பேன்.

காசிமேட்டான்_லெஸ்டர்
வியாழன், அதிகாலை 2.10

டாக்டர், வேலூர் சி.எம்.சி.ல ஒரு ஆய்வுல நல்ல பலன் வந்ததாப் படிச்சேனே? நம்ம நாட்டுலயே செஞ்ச மிராக்ரேடில்னு ஒரு தொட்டில்கூட இருக்கே. ஒரே உடம்பு, ஒரே மூளை, இங்க வேலை செய்யறது அங்க ஏன் செய்யாது?

சேய்நல_மருத்துவன்
வியாழன், காலை 7.30

வேலூர் ஆய்வு உண்மை. 50 குழந்தைகள். குளிர்வித்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ.யில் மூளைப் பாதிப்பு குறைவாகத் தெரிந்தது. ஆனால் மரணம் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல 50 போதாது. மிராக்ரேடிலும் உண்மை, கரண்ட்டை நம்பாமல், உருகும்போது குளிரைப் பிடித்து வைக்கும் ஒருவகை மெழுகு போன்ற பொருளை வைத்து வேலை செய்வது. இன்றும் இந்தியாவில் மருத்துவர்கள் இரண்டு பக்கமாகத்தான் இருக்கிறார்கள். வென்டிலேட்டர், மூளை அலைக் கருவி, நொடிக்கு நொடி வெப்பம் பார்க்கும் கருவி எல்லாம் உள்ள சில இடங்களில் தொடர்கிறார்கள். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஏன் இந்த வித்தியாசம்? ஆய்வு செய்தவர்கள் முன்வைக்கும் காரணம் அடி விழுந்த நேரம். கொடி சட்டென்று நசுங்கி ஒரே அடியாக ஆக்ஸிஜன் நின்ற குழந்தைக்கு 6 மணி நேரக் கடிகாரம் பிறப்பிலிருந்து ஓடத் தொடங்கும். நம் ஊரில் நிறைய குழந்தைகளுக்கு வலி நேரம் முழுக்க, சிலருக்கு அதற்கும் முன்பிருந்தே, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அப்படியென்றால் பிறக்கும்போதே கடிகாரம் ஓடி முடிந்திருக்கும். தாயின் ரத்தசோகை, குழந்தையின் வளர்ச்சி என்று மற்ற காரணங்களும் விவாதத்தில் இருக்கின்றன.

பழைய_வண்ணை_வாசகர்
வியாழன், காலை 8.02

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இந்த ‘எப்போது அடி விழுந்தது’ சண்டை 19ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற எலும்பு மருத்துவர் 1861இல் கஷ்டப் பிரசவமும் மூச்சுத் திணறலும்தான் குழந்தைகளின் கை கால் விறைப்புக்குக் காரணம் என்றார். மனோதத்துவத்தால் பேர் வாங்கிய அதே சிக்மண்ட் பிராய்ட், அப்போது நரம்பு மருத்துவர், 1897இல் வேறு மாதிரி சொன்னார்: கருவில் ஏற்கெனவே ஏதோ கோளாறு இருந்ததன் அறிகுறியாகவே பிரசவம் கஷ்டமாகியிருக்கலாம் என்று. அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ராயபுரம்_ரசிகன்
வியாழன், காலை 8.40

ஒரு சந்தேகம். மெஷின் இல்லாத ஊர்ல ஆம்புலன்ஸ்லயே ஐஸ் பேக் வச்சிட்டுப் போனா என்ன?

தண்டையார்பேட்டை_சிஸ்டர்
வியாழன், காலை 8.55

வேணாம்பா! யாரும் இதைப் படிச்சுட்டு செஞ்சு கிஞ்சு வைக்காதீங்க. ஐஸ் வச்சா 33லயே நிக்காது, 31, 30ன்னு சறுக்கிடும். துடிப்பு தாறுமாறாகும், ரத்தம் உறையாது, நுரையீரல்ல ரத்த அழுத்தம் ஏறும். அதுக்காகப் போர்த்திப் போர்த்தி சூடேத்தவும் கூடாது, இந்தக் குழந்தைங்களுக்குக் காய்ச்சல் ரொம்ப ஆபத்து. 36.5க்கும் 37.5க்கும் நடுவுல.

விம்கோநகர்_மாமன்
வியாழன், இரவு 9.30

எல்லாத்தையும் மூணு தடவை படிச்சேன். தங்கச்சி வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காமிச்சேன். அவர் மணலியில ஷிப்ட் முடிச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் வர்றாரு. 42, 31ன்னு அவர் ஒரு பேப்பர்ல எழுதி சட்டைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டாரு. எதுக்குன்னு கேக்கல.

இன்னிக்கு ஃபிட்ஸ் இல்ல. பீனோபார்பிட்டோன்னு ஒரு மருந்து போகுது. லண்டன்காரன் அது பழைய மருந்து, புதுசு கேளுன்றான். இனிமே அவன் போனை எடுக்கறதா இல்ல.

சேய்நல_மருத்துவன்
வியாழன், இரவு 10.05

எடுங்கள், பாவம், அவருக்கும் தூரத்தில் இருக்கிற தவிப்பு. ஆனால் இந்த விஷயத்தில் பழசுதான் ஜெயித்தது. 2020இல் வந்த ஒரு ஆய்வில் பச்சிளங்குழந்தை வலிப்பைப் பீனோபார்பிட்டோன் 80 சதவீதம் பேருக்கு 24 மணி நேரம் அடக்கியது, புது மருந்தான லெவெடிராசெட்டம் 28 சதவீதம் பேருக்கு.

இப்போது உள்ளே நடப்பதெல்லாம் பார்க்கப் பெரிதாகத் தெரியாது. சர்க்கரை இறங்காமல், காய்ச்சல் வராமல், ஆக்ஸிஜன் கூடிவிடாமல், ரத்த அழுத்தம் விழாமல் பார்ப்பது. சிகிச்சையில் பெரும்பகுதி இதுதான். எம்.ஆர்.ஐ. முதல் வாரக் கடைசியில் எடுப்பார்கள், அதற்கு முன் எடுத்தால் சரியாகச் சொல்லாது என்பதால்தான் தாமதம்.

கொருக்குப்பேட்டை_அம்மா
வெள்ளி, இரவு 12.20

பொண்ணு தூங்கினப்புறம்தான் எழுத நேரம் கிடைக்குது.

தம்பி, என் பொண்ணுக்குக் கூலிங் பண்ணாங்க. 2018. தனியார் ஆஸ்பத்திரி, 72 மணி நேரம், மெஷின்லதான். நாலு லட்சத்துக்கு மேல ஆச்சு. என் தாலிச் சங்கிலி வரைக்கும் போச்சு. பாத்துக்கிட்ட டாக்டருங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, ராத்திரி பகலா நின்னாங்க. அவளுக்கு சி.பி., செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால வர்ற ஊனம். கை கால் தானா முறுக்கிக்கும், பேச்சு வராது.

நீ ‘பண்ணலையே’ன்னு தவிக்கிற. நான் ரெண்டு வருஷம் ‘பண்ணிட்டோமே’ன்னு தவிச்சேன். 2021ல அந்த ரிசல்ட்டு நியூஸ்ல வந்தப்ப வீட்டுக்காரர் போனைப் புடுங்கி வச்சுட்டாரு, நான் படிக்கக் கூடாதுன்னு. அப்புறம் அவளப் பாக்கற டாக்டர்கிட்ட நேராவே கேட்டேன், அதனாலதான் இப்டி ஆச்சான்னு. “உங்க பொண்ணு ஒருத்திக்கு அது நல்லது பண்ணுச்சா கெட்டது பண்ணுச்சான்னு எந்த ஆய்வும் சொல்லாதும்மா, நூறு பேரைத்தான் அது பேசும்”னாரு. அன்னிக்கு ராத்திரிதான் தூங்கினேன்.

அவ கழுத்து நிக்க 14 மாசம் ஆச்சு. இப்ப ஸ்கூல் போறா. கண்ணால பேசுவா. மேல பார்த்தா ஆமா, பக்கத்துல பார்த்தா இல்ல. தோசைக்குத் தேங்கா சட்னி வச்சா பக்கத்துல பார்ப்பா, காரச் சட்னிதான் வேணும்.

உன் மருமகனுக்கு எதுவும் ஆகாமலே போகலாம், ஸ்டேஜ் 2ல நல்லா வர்ற குழந்தைங்க நிறைய. நான் பயமுறுத்தறதுக்கு எழுதல. எனக்கு யாரும் சொல்லாத ரெண்டு விஷயத்தை மட்டும் சொல்லிடறேன். பால் கொடுக்கும்போது மல்லாக்கப் படுக்க வச்சு ஊட்டாதீங்க, தலையை உசத்தி வைங்க. புரை ஏறி நுரையீரலுக்குள்ள போனா திரும்பத் திரும்ப நிமோனியா, என் பொண்ணுக்கு முதல் வருஷம் அப்படித்தான் போச்சு. இன்னொண்ணு, ‘வளர வளர சரியாயிடும்’னு சொந்தக்காரங்க சொல்றத நம்பி உக்காந்துடாதீங்க. நான் ஒம்போது மாசம் உக்காந்துட்டேன்.

நலம்_விரும்பி_77
வெள்ளி, காலை 10.10

ஆக்ஸிஜன் இல்லாததால்தானே பாதிப்பு? அப்போது ஆக்ஸிஜன் கொடுத்தால் சரியாகிவிடும் அல்லவா? அழுத்த அறையில் வைத்து ஆக்ஸிஜன் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. ஸ்டெம் செல் ஊசியும் போடுகிறார்கள். என் நண்பரின் உறவினருக்குக் குணமானது. இன்பாக்ஸ் வரவும்.

பிசியோ_பெரம்பூர்
வெள்ளி, காலை 10.48

இந்த வாதம் கேக்க நல்லாத்தான் இருக்கும். வீடு எரிஞ்சு முடிஞ்சப்புறம் தண்ணி ஊத்தினா வீடு திரும்பி வருமா? அழுத்த அறை ஆக்ஸிஜனைக் கனடாவுல 111 சி.பி. குழந்தைங்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2001ல லான்செட்ல எழுதினாங்க. பாதிப் பேருக்கு ஆக்ஸிஜன், பாதிப் பேருக்கு லேசா அழுத்தின சாதாரணக் காத்து. ரெண்டு கூட்டமும் ஒரே அளவு முன்னேறினாங்க. அந்த ரெண்டு மாசமும் அப்பா அம்மா கூடவே உக்காந்திருந்ததுதான் காரணமோ என்னவோ.

ஸ்டெம் செல்லுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல் தெளிவா இருக்கு. சில ரத்த நோய்ங்களுக்குத்தான் அது ஏத்துக்கிட்ட சிகிச்சை. சி.பி.க்குக் காசு வாங்கிட்டுப் போடறது தப்பு. என்கிட்ட வர்ற ரெண்டு குடும்பம் ஏற்கெனவே வீட்டை அடமானம் வச்சுட்டு வந்தவங்க.

நெறியாளர்
வெள்ளி, காலை 11.00

77, உங்கள் பதிவு விளம்பரமாகத் தெரிகிறது. இன்பாக்ஸ் அழைப்பு வேண்டாம். மற்றவர்கள் எந்த மருத்துவமனையின் பெயரையும் குறை சொல்லி எழுத வேண்டாம்.

விம்கோநகர்_மாமன்
12 நாள் கழித்து, மாலை 5.15

வீட்டுக்கு வந்துட்டான். தாய்ப்பால் தானா சப்பறான், மெதுவா, நடுவுல மூச்சு வாங்கறான். எம்.ஆர்.ஐ.ல பாதிப்பு இருக்கு, ‘மிதமானது’ன்னு சொன்னாங்க, மூளையோட வெள்ளைப் பகுதியிலயாம். என்ன அர்த்தம்னு கேட்டதுக்கு “குழந்தையே சொல்லும், மாசாமாசம் கூட்டிட்டு வாங்க”ன்னாங்க. இந்தத் தடவை அதே டாக்டரம்மா ஸ்டூல் போட்டு உக்காந்து கால் மணி நேரம் பேசினாங்க.

மிண்ட் அண்ணன் சொன்ன மாதிரி அந்த நர்சிங் ஹோம் மேல கேஸ் போடலாமான்னு வீட்டுல பேச்சு ஓடுது. கூலிங்குக்காக இல்ல. ராத்திரி பூரா துடிப்பு பார்த்தாங்களா இல்லையான்றதுக்காக.

மிண்ட்_ஏரியா
12 நாள் கழித்து, மாலை 5.50

புள்ள வந்ததே பெரிசு. கேஸ் ஷீட்டு நகல் வேணும்னு முதல்ல எழுதிக் குடு, வாய்ல கேக்காத. 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி கேட்டதுலேர்ந்து 72 மணி நேரத்துக்குள்ள தரணும். குடுத்ததுக்கு ஒரு காபில சீல் வாங்கிக்க. துடிப்பை எத்தனை மணிக்கு எழுதியிருக்காங்கன்னு பாரு. எழுதலன்னா அதுவே பதில். நான் கோர்ட்டு பக்கம்தான் டைப்பிங் கடை வச்சிருக்கேன், லெட்டர் நான் அடிச்சுத் தரேன், காசு வேணாம்.

பிசியோ_பெரம்பூர்
12 நாள் கழித்து, இரவு 8.30

மாமனுக்கு வேலை தர்றேன். 12லேர்ந்து 16 வாரத்துக்குள்ள குழந்தைய மெல்லிசா ஒரு சட்டையோட, கை கால் தெரியற மாதிரி மல்லாக்கப் படுக்க வச்சு மூணு நிமிஷம் மேலேர்ந்து வீடியோ எடுங்க. அவன் முழிச்சிட்டு, பசியில்லாம, அழாம இருக்கணும். யாரும் கிலுகிலுப்பை ஆட்டக் கூடாது. அந்த வயசுல கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால்னு எல்லா இடத்துலயும் சின்னச் சின்னதா ஒரு துறுதுறுப்பு ஓடிட்டே இருக்கும். அது இருக்கா இல்லையான்றதை வச்சு, பயிற்சி எடுத்தவங்களால சி.பி. வருமான்னு ஓரளவு நல்லாவே கணிக்க முடியும். முன்னெல்லாம் ஒண்ணரை, ரெண்டு வயசு வரைக்கும் காத்திருக்கச் சொல்லுவாங்க. இப்ப அவ்வளவு காத்திருக்கக் கூடாது.

கட்டை விரலை உள்ள வச்சு எப்பவும் கைய மூடியே வச்சிருக்கானா, ஒரு கைய மட்டும் பயன்படுத்தறானா, துணி மாத்தும்போது கால் கத்திரி மாதிரி பின்னுதான்னு பாருங்க. மாசாமாசம் தலைச் சுத்தளவு. காதுக்கு பெரா டெஸ்ட், கண் டெஸ்ட் ரெண்டும் கட்டாயம். அரசு டி.இ.ஐ.சி. (குழந்தைங்க குறைபாட்டை ஆரம்பத்துலயே பார்க்கற மாவட்ட மையம்) மையத்துல பிசியோ, பேச்சு, கண், காது எல்லாம் இலவசம், டிஸ்சார்ஜ் சீட்டோட போங்க. சக்கரம் வச்ச வாக்கர் யாராவது கிஃப்ட் வாங்கிட்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுங்க.

விம்கோநகர்_மாமன்
15 வாரம் கழித்து, இரவு 9.40

ரொம்ப நாளாச்சு. மன்னிச்சுக்கோங்க.

வீடியோ எடுத்தேன், பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஆயா வந்து கன்னத்தைக் கிள்ளிடுது. கடைசில ஒண்ணு சரியா வந்துச்சு. மையத்துல ரெண்டு பேர் உக்காந்து பார்த்தாங்க. வலது பக்கம் அந்தத் துறுதுறுப்பு இருக்கு, இடது பக்கம் கம்மின்னாங்க. நானும் பார்த்திருக்கேன், இடது கை மூடியேதான் இருக்கு. பேரு இன்னும் எதுவும் வைக்கல, நோய்க்கு. இப்பவே பயிற்சி ஆரம்பிச்சுடலாம்னு வாரம் ரெண்டு நாள் வரச் சொல்லியிருக்காங்க. இடது கையில நிறைய பொருள் குடுத்துப் பழக்கச் சொன்னாங்க. வெங்காயம், ஸ்பூன், என் பைக் சாவி, எல்லாம் குடுத்தாச்சு. பைக் சாவிய மட்டும் விரல் விரிச்சு வாங்கறான்.

கழுத்து முக்கால்வாசி நிக்குது. என்னைப் பார்த்தா சிரிக்கிறான். காது சரி, கண்ணும் சரி.

கேஸ் ஷீட்டு நகல் வந்துச்சு. ராத்திரி 11க்கும் 3.30க்கும் நடுவுல துடிப்பு எழுதின கட்டம் காலியா இருக்கு. மிண்ட் அண்ணன் வக்கீல் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு.

அவன உக்கார வச்சுப் பழக்க ஓரத்துல அணைச்சு உக்கார்ற நாற்காலி ஒண்ணு வேணும்னாங்க, கொஞ்ச மாசம் கழிச்சுத்தான், இப்ப இல்ல. எங்க கிடைக்கும்?

கொருக்குப்பேட்டை_அம்மா
15 வாரம் கழித்து, இரவு 11.55

வாங்காத. என் பொண்ணு சின்னதுல உக்காந்தது மரத்துலயும் ஸ்பாஞ்ச்லயும் செஞ்சது பரண்ல கிடக்கு, ரெக்ஸின் மட்டும் கிழிஞ்சிருக்கு. மாத்திக்கலாம். சைஸ் பாக்க பிசியோகிட்ட போட்டோ காமிச்சுக்கோ.

அவனுக்கு இப்பவே ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு அலையாத, டாக்டர் எழுதிக் குடுத்தா பாத்துக்கலாம். ஒருவேளை தேவைப்பட்டா நிராமயான்னு வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கு, பிசியோ செலவுக்குக்கூடக் கிடைக்கும், ஃபார்ம் நான் ரொப்பித் தரேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வா. ரயில்வே கேட் மூடியிருந்தா அந்தப் பக்கமே நில்லு, போன் பண்ணு. சரக்கு வண்டி போய்ட்டே இருக்கும், அரை மணி நேரம் கூட ஆவும். வீட்டுக்காரர் படி ஏறி வந்து குடுத்துடுவாரு.